லேசர் பற்றவைப்பு: பம்ப் மின்னோட்டத்தை ஏற்றியும் மிஸ்ஃபயர் ஏன்?

கேள்வி:
ஒற்றை சிலிண்டர் இயற்கை எரிவாயு சோதனை எஞ்சின், 1500 ஆர்பிஎம், லாம்ப்டா (தேவையான காற்றோடு ஒப்பிட்ட காற்றின் அளவு) 1.8. ஸ்பார்க் பிளக் துளையில் லேசர் பிளக். 808 நானோமீட்டர் டையோடு ஃபைபர் வழியாகப் பம்ப் செய்கிறது (படிகத்துக்கு ஒளியால் ஆற்றல் ஏற்றுகிறது); லேசர் ஒளியைத் தரும் நியோடிமியம் யாக் படிகமும், ஆற்றலைத் தேக்கி ஒரே பல்ஸாக விடும் குரோமியம் யாக் கியூ-சுவிட்சும் பிளக்குக்குள்ளேயே. பல்ஸ் 10 மில்லிஜூல், 5 நானோசெகண்ட். முதலில் ஒழுங்காகப் பற்றியது. ஓட ஓட மிஸ்ஃபயர் (கலவை பற்றாமல் போவது) கூடுகிறது. பம்ப் மின்னோட்டத்தை ஏற்றியும் பலனில்லை. கழற்றி வெளியே சுட்டால் பொறி பளிச்சென்று விழுகிறது. கோளாறு எங்கே?

பதில் 1:
மின்னோட்டத்தை ஏற்றினால் பல்ஸின் ஆற்றல் ஏறாது. பாசிவ் கியூ-சுவிட்சில் (வெளிக் கட்டுப்பாடு இல்லாமல் தானே திறப்பது) அதை முடிவு செய்பவை குரோமியம் யாக்கின் தொடக்க ஊடுருவல் (திறக்கும் முன் அது விடும் ஒளியின் பங்கு), வெளியீட்டுக் கண்ணாடி, படிகத்தில் பம்ப் ஒளி விழும் பரப்பு. பம்ப் கூடினால் அதே பல்ஸ் சற்று முன்னதாக வரும், பிறகு இரண்டாவதும் வரும். ஃபோட்டோடையோடு (ஒளி உணரி) வைத்துப் பல்ஸ்களை எண்ணிப் பாருங்கள். பம்ப் நேரத்தை 300 மைக்ரோசெகண்டுக்கு மேல் நீட்டவும் வேண்டாம். நியோடிமியத்தின் மேல்நிலை ஆயுள் (ஏற்றிய ஆற்றல் தங்கும் நேரம்) 230 மைக்ரோசெகண்ட்தான், அதற்கு மேல் ஏற்றுவதில் பெரும்பகுதி வீணாகத்தான் போகும். டையோடு 10 டிகிரி சூடேறினால் அலைநீளம் 3 நானோமீட்டர் நகரும், படிகம் அதைக் குறைவாக உறிஞ்சும், அதையும் பாருங்கள்.

பதில் 2:
பிளக்கின் முனையில் ஒளி சிலிண்டருக்குள் போகும் சஃபையர் ஜன்னலைத்தான் சந்தேகிக்கிறேன். புகைக்கரியை லேசரே எரித்து நீக்கிவிடும். எஞ்சின் ஆயிலின் கால்சியம், துத்தநாகச் சாம்பல் அப்படிப் போகாது, படலமாக ஒட்டும்.

வெளியே பொறி விழுவதை நம்பாதீர்கள். குவியப்புள்ளி 8 மைக்ரான் என்றால் அங்கே செறிவு சதுர செ.மீ.க்கு 10¹² வாட்டைத் தாண்டும். காற்று உடைய 10¹¹ அளவே போதும். சிலிண்டர் அழுத்தத்தில் இன்னும் சுலபம். பாதி ஒளி ஜன்னலில் தொலைந்தாலும் பிளாஸ்மா வரும். ஆனால் இவ்வளவு மெலிந்த கலவையில் தீக்கரு (முதலில் தோன்றும் சிறு சுடர்) வளர அந்த ஆற்றல் போதாது.

கேட்டவர்:
எனர்ஜி மீட்டரைக் குவியத்துக்கு அப்பால் வைத்து அளந்தால் போதுமா?

பதில் 2:
போதாது. பிளாஸ்மா உறிஞ்சியது போக மீதிதான் மீட்டரில் விழும். ஜன்னலைத் தனியாகக் கழற்றி, திறன் குறைந்த தொடர் 1064 நானோமீட்டர் (இந்த லேசரின் அலைநீளம்) ஒளியில் ஊடுருவலை அளந்து புதிய ஜன்னலோடு ஒப்பிடுங்கள். படலம் இருந்தால் குவியத்தை ஜன்னலுக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுவரலாம்; ஜன்னல் மேல் ஒளி செறிந்து விழுந்தால் படலம் கழலக்கூடும். 3 மி.மீ. கற்றை, 12 மி.மீ. லென்ஸ், ஜன்னல் குவியத்துக்கு 6 மி.மீ. முன்னால் என்றால் அதன் மேல் சதுர செ.மீ.க்கு சுமார் 0.6 ஜூல் விழும், 4 மி.மீ. என்றால் சுமார் 1.3. அதற்கும் கிட்டே போனால் தீக்கருவின் சூட்டைச் சுவர் இழுத்துக்கொள்ளும். 808, 1064 இரண்டையும் தடுக்கும் கண்ணாடி அணியாமல் வெளியே சுடாதீர்கள். 1064 கண்ணுக்கே தெரியாது.