உதவி: டோப்போஷீட்டில் எல்லை வரைந்தால் ஓடையை வெட்டுகிறது

ஆனைமலை_டீச்சர்: வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு எங்கள் ஊர் ஓடைக்கு மழைநீர் வடிந்து சேரும் நீர்ப்பிடிப்புப் பகுதியை டோப்போஷீட்டில் (மேடுபள்ளம் காட்டும் நிலவரைபடம்) வரைகிறோம். மேட்டு வழியாகவே எல்லையைக் கொண்டுபோனாலும் நடுவில் ஒரு நீலக்கோட்டை வெட்டுகிறது. ஐந்து குழுவுக்கும் அதேதான். ஓடை வெளியேறும் இடம் தவிர எல்லை எங்கும் ஓடையைத் தாண்டாது என்று நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை களப்பயணம். எங்கே தப்பு?

குறிஞ்சி: எந்த ஷீட், எந்த ஊர்? 1:50,000-ஆ, பழைய அங்குல மேப்பா? படம் போடுங்க டீச்சர்.

உடுமலை_ரவி: படமே வேண்டாம். பிள்ளைகள் சமஉயரக் கோட்டின் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) ‘வி’ வளைவைத் தலைகீழாகப் படித்திருப்பார்கள். பள்ளத்தில் அதன் முனை மேட்டைப் பார்க்கும், முகட்டில் சரிவைப் பார்க்கும். முஷ்டியை மடக்கி, விரல் முட்டிகளைச் சுற்றி வளையம் வளையமாகப் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். கையை விரித்தால் அதுதான் மேப். எங்கள் வகுப்பில் ஒரே பீரியடில் புரிந்துவிட்டது.

வாளையார்_தம்பி: பாலக்காட்டுக் கணவாய்ப் பக்க ஊரா? அந்த ஷீட்டில் 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடுதான். சமவெளியில் எது மேடு என்று தெரியாது. குளத்துக்கு எந்தப் பக்கமிருந்து தண்ணி வருதுன்னு ஊர்ப் பெரியவங்களைக் கேட்டு வரையணும்.

நிலவளவன்: கேள்வி கேட்கும் முன் ஷீட் ஓரத்துக் குறிவிளக்கத்தைப் படிப்பது அடிப்படை. இதைப் பல முறை இங்கே எழுதிவிட்டேன். உயரத் தரவைக் கியூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளில் ஏற்றினால் சில நிமிடத்தில் எல்லை கிடைக்கும், காகிதத்தில் ஏன் அல்லாட வேண்டும்?

உடுமலை_ரவி: கணினி போட்ட கோட்டில் பிள்ளை என்ன கற்கும், ஐயா? பென்சிலும் ரப்பருமாகத் தேய்த்து வரைந்த கோடுதான் மறக்காது.

ஆனைமலை_டீச்சர்: மன்னிக்கவும், ஊரைச் சொல்ல மறந்துவிட்டேன். சர்க்கார்பதிக்கும் ஆழியாறுக்கும் நடுவே மலையடிவாரம். 1:50,000 தான். அந்தக் கோடு அடிவாரத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது.

குறிஞ்சி: டீச்சர், அது ஓடையே இல்லை, காண்டூர் கால்வாய்! சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து திருமூர்த்தி அணைக்குப் போகிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்ட (பிஏபி) கால்வாய். பள்ளத்து ஓடை சமஉயரக் கோடுகளைக் குறுக்கே வெட்டி இறங்கும். இது கோட்டோடு சேர்ந்தே நடக்கும்; காண்டூர் என்றால் சமஉயரக் கோடு, பேரே அதனால்தான். மேட்டையும் பள்ளத்தையும் தாண்டிப் போகிறதால் எல்லையை வெட்டத்தான் செய்யும். பிள்ளைகள் வரைந்தது சரி, அழிக்காதீர்கள். கால்வாய்க்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_விவசாயி: அந்த மலைத் தண்ணி எங்கே போகவேண்டியதுன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. ஆழியாறு கேரளத்தில் எங்க சித்தூர்ப்புழையில் சேர்ந்து, பாரதப்புழையாகிப் பொன்னானியில் கடலுக்குப் போகிற ஆறு. மேற்கே போற தண்ணியை நீங்க கிழக்கே திருப்பிட்டீங்க.

வாளையார்_தம்பி: அண்ணா, 1970 தமிழ்நாடு-கேரள ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் வருசத்துக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) தண்ணி கேரளத்துக்கு உண்டே.

கொழிஞ்சாம்பாறை_விவசாயி: வருசக் கணக்கு சரி தம்பி. நடவு சமயத்தில் வரணுமே, அதுதான் எங்க பாடு.

நிலவளவன்: கேள்விக்கு இது சம்பந்தமில்லை.

குறிஞ்சி: சம்பந்தம் இருக்கு. மேப்பில் அந்த எல்லை எதற்கு என்று பிள்ளை கேட்டால் இதுதானே பதில்?

ஆனைமலை_டீச்சர்: போய்வந்தோம். கால்வாய்தான். ஒரு இடத்தில் மலைப்பள்ளத்து ஓடை அதற்கு அடியில் புகுந்து மறுபக்கம் போகிறது. ஒரு மாணவிதான் முதலில் பார்த்தாள். எல்லையை மாற்றவில்லை. எல்லாருக்கும் நன்றி.