ஓக் தூண்ல காலி வெட்டு, கப்பல் மரமா?

ஊர்சுத்தி:
இங்கிலாந்து எசெக்ஸ்ல க்ரெஸ்ஸிங் டெம்பிள் போயிருந்தேன், டெம்ப்ளர்ங்கற இடைக்காலக் கிறிஸ்தவத் துறவி வீரர்கள் கட்டுன ரெண்டு பெரிய மரக் களஞ்சியம் இருக்கே, அங்கதான். அதுல ஒண்ணான பார்லி பார்ன் (பார்ன்னா களஞ்சியம்) உள்ள போய் அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்குது, 800 வருஷமா இது எப்படித்தான் நிக்குதோ. ஆனா மரங்கள்ல அங்கங்க ஏதோ பொருத்தியிருந்து பிடுங்கின மாதிரி காலி வெட்டு இருக்கு. கூட வந்தவர் உடைச்ச கப்பல் மரம்னு அடிச்சு சொல்றார், நெஜமா?

உளிச்சத்தம்:
இங்கிலாந்துல எந்த பழைய மரக்கட்டடத்துக்குப் போனாலும் இந்தக் கப்பல் கதைய யாராவது சொல்லிடுவாங்க, பெரும்பாலும் கட்டுக்கதைதான். எசெக்ஸ்லயே ஓக் காடு இருந்துச்சு, அப்புறம் கப்பல உடைச்சு இவ்ளோ தூரம் மாட்டுவண்டில எதுக்கு இழுக்கணும்? காலி வெட்டுன்னா அந்த இடத்துல முன்ன ஒரு சாய்வுக்கட்டை இருந்திருக்கும், இல்ல மரமே வேற கட்டடத்துலேர்ந்து வந்திருக்கும். பார்லி பார்ன பின்னாடி நிறைய மாத்தியிருக்காங்க. 13ஆம் நூற்றாண்டு தச்சர்கள் ஓரச் சுவர்லேர்ந்து கூரை வரைக்கும் ஒரே நீளக்கட்டைய, குறுக்க வர்ற மரத்து மேலயே பதிய வெச்சு கொண்டுபோவாங்க. அது வழுக்கி வெளிய வராம இருக்க வெட்டோட ஒரு ஓரத்துல சின்னதா ஒரு கொக்கி செதுக்குவாங்க. அடுத்த தடவ போனா அந்தக் கொக்கி தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா அது ரொம்பப் பழைய வேலை.

மழைக்காலம்:
நடுவுல பூந்துக்கறேன், மன்னிக்கவும். ஹீத்ரோ ஏர்போர்ட் பக்கத்துல ஹார்மண்ட்ஸ்வொர்த் பார்ன் பார்த்தேன், 1426-27ல கட்டுனது, 58 மீட்டர் நீளம். அங்க தூண் மேல போகப் போக தடிமனா ஆகுது, மரம்னா அடிதானே பெருசு?

உளிச்சத்தம்:
மரத்தயே தலைகீழா நட்டிருக்காங்க சார். தண்ணி ஏறாம இருக்கன்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. தூண் உச்சில நீளவாக்குல ஒரு உத்திரம், குறுக்க ஒரு விட்டம், ரெண்டும் ஒரே எடத்துல வந்து உக்காரணும், ரெண்டுக்கும் தனித்தனியா பிடிப்பு செதுக்க சதை வேணும்ல, அதான் அடிமரம் மேல போகுது.

ஊர்சுத்தி:
ஓ! அப்ப ஆணியே இல்லாம எப்படி பிடிக்குது?

உளிச்சத்தம்:
மர ஆணிதான். ரெண்டு மரத்துத் துளையும் நேருக்கு நேர் வராம வேணும்னே லேசா தள்ளிப் போடுவாங்க, ஆணிய அடிக்க அடிக்க அது ரெண்டு மரத்தயும் சேர்த்து இழுத்து இறுக்கிடும். வெட்டுன ஓக்க காயவிடாம பச்சையாவே செதுக்குவாங்க, காஞ்சா கல்லு மாதிரி, உளியே இறங்காது. அப்புறமா நின்ன எடத்துலயே காஞ்சு முறுக்கிக்கும், அதான் எந்தக் கட்டையும் நேரா இருக்காது.

நெல்மணி:
மரத்துல ரோமன் எண்ணு கீறியிருக்கும், கவனிச்சீங்களா? தரையில பூரா படுக்கப்போட்டு சேர்த்துப் பார்த்து, நம்பர் போட்டு, கழட்டி கொண்டுபோய் நிமித்துவாங்க. 4ஐ பெரும்பாலும் நாலு கோடாவே போடுவாங்க, ஏன்னா IV-ய தலைகீழா பார்த்தா VI-னு குழம்பும். அப்புறம் எதிரெதிர ரெண்டு பெரிய கதவு சும்மா அழகுக்கு இல்ல, நடுவுல இருக்கற தரைதான் களம், கதிரடிச்சுட்டு ரெண்டு கதவயும் தொறந்தா காத்து வீசும், தூத்துனா பதர் பறந்துடும்.

மழைக்காலம்:
அந்தக் கதவுகிட்ட நின்னப்போ குளிர்ல பல்லு தந்தியடிச்சுது, இப்பதான் காரணம் புரியுது 😅