புலக் கோட்பாடு தரும் எண்: நிரூபணமா, ஊகமா?

வளைகோடு:
குவாண்டம் புலக் கோட்பாடு கணிதத்துக்கு வெறும் தூண்டுகோல் என்பவர்கள் 1991-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாம் படிச் சமன்பாடு தரும் கலாபி-யாவ் வெளியில் (சரக் கோட்பாட்டில் மறைந்த பரிமாணங்களாக வரும் வகை வெளி) நேர்கோடுகள் 2875, இரண்டாம் படி வளைவரைகள் 609250; இங்கே எண்ணுவது ஒரு கோளத்தின் பிம்பமாக அமையும் வளைவரைகளை மட்டுமே. மூன்றாம் படிக்கு, கண்ணாடிச் சமச்சீரை (இரு வேறு வெளிகள் ஒரே இயற்பியலைத் தரும் என்ற கருத்தை) வைத்து இயற்பியலாளர் கேண்டலாஸின் குழு 317206375 என்றது. கணிதர்கள் எலிங்ஸ்ரூடும் ஸ்ட்ரோமும் கணினியில் போட்டு 2682549425 என்றார்கள். பிழை கணினி நிரலில்தான். திருத்தியதும் கேண்டலாஸ் குழுவின் எண்ணே வந்தது.

துணைவெளி:
விடை சரியாக இருப்பது வேறு, நிரூபணம் வேறு. 1996-இல் கிவெண்டாலும் 1997-இல் லியான், லியூ, யாவ் மூவரும் இந்த எண்களை நிரூபித்தபோது பாதைத் தொகையீட்டை (எல்லாச் சாத்தியப் பாதைகளையும் கூட்டும் புலக் கோட்பாட்டு முறையை) தொடவே இல்லை. சமச்சீர்ச் செயல்பாட்டின் நிலைப்புள்ளிகள் தரும் பங்குகளைக் கூட்டித்தான் நிரூபித்தார்கள்.

வளைகோடு:
எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று வழிகாட்டியது எது? யுகாவா இணைப்பின் (வளைவரை எண்ணிக்கைகளைத் தன் கெழுக்களில் பொதிந்து வைத்திருக்கும் புலக் கோட்பாட்டு அளவின்) தொடரை எழுதிப் பாருங்கள்: மாறிலி 5, முதல் கெழு 2875, இரண்டாவது 4876875. இதில் d-ஆம் படி வளைவரை ஒவ்வொன்றும் d³ மடங்காக வரும்; ஆனால் இரண்டாவதை அப்படியே 8-ஆல் வகுத்தால் 609609.375 வரும். வளைவரையில் பின்னம் ஏது! நேர்கோட்டை இருமுறை சுற்றும் உறைகளும் (ஒரே கோட்டின் மேல் இருமுறை படியும் கோளங்களும்) அதில் கலந்திருக்கின்றன; ஒவ்வொன்றின் எடை 1/8, அதை 8-ஆல் பெருக்கினால் கோட்டுக்கு 1. 2875-ஐக் கழித்துவிட்டு வகுத்தால் 609250 சுத்தமாக வரும். இருமுறை சுற்றினால் 1/8, மும்முறை என்றால் 1/27 என்ற இந்த எடையை ஆஸ்பின்வாலும் மாரிசனும் 1993-இல் இடவியல் புலக் கோட்பாட்டிலிருந்தே வருவித்தார்கள்.

துணைவெளி:
அதே கழித்தலைப் பத்தாம் படியில் செய்து பாருங்கள், மாட்டிக்கொள்வீர்கள். ஐந்தாம் படியில் 6 கணுக்கள் (வளைவரை தன்னையே வெட்டும் புள்ளிகள்) கொண்ட தள வளைவரைகள் 17601000 உண்டு. இரண்டு கோளங்களை எடுத்து, ஒன்றில் கணுவின் ஒரு கிளைப் புள்ளியையும் மற்றதில் மறு கிளைப் புள்ளியையும் ஒட்டினால், கணுவுக்கு ஒரு புது இரட்டை உறை கிடைக்கும். ஒரு வளைவரைக்கு 6 வீதம் மொத்தம் 105606000. 1/8 எடை இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் புலக் கோட்பாட்டு எண் உண்மையான வளைவரைகளைவிட அவ்வளவு கூடுதல். வரையறை இல்லாமல் எண் மட்டும் கையில் இருந்தால், எதை எண்ணினோம் என்றே தெரியாது.

வளைகோடு:
இந்தத் திருத்தம் நியாயமானது, ஏற்கிறேன். ஆனால் அந்த எண் ஏன் முழு எண்ணாகவே வருகிறது? இயற்பியலாளர்கள் கோபகுமாரும் வாஃபாவும் 1998-இல் அதை எம்-கோட்பாட்டின் (சரக் கோட்பாடுகளை ஒன்றிணைக்கும் பதினொரு பரிமாணக் கோட்பாட்டின்) நிலைகளின் எண்ணிக்கையாக விளக்கினார்கள். கணிதத்தில் நிரூபணம் வந்தது அயோனெல், பார்க்கர் கட்டுரையில், 2018-இல். இருபது ஆண்டுகள்!

துணைவெளி:
அந்த நிரூபணத்தில் எம்-கோட்பாடு ஒரு படியாகக்கூட வரவில்லை. வளைவரைகளைக் கொத்துகளாகப் பிரித்து, கொத்துக்குக் கொத்து எண்ணுகிறார்கள். நிலைகளை எண்ணுவதையே ஒரு கணித வரையறையாக மாற்றி, அதிலிருந்து இந்த முழு எண்களை நேராக வருவித்துக் காட்டுங்கள், உங்கள் பக்கம் வருகிறேன்.