மெமோரியல் டே பிக்னிக்கில் முன்னாள் ராணுவத்தினருக்குப் பொன்னாடை: சரியா?

மதுரைக்காரன்:
அமெரிக்காவில் மே கடைசித் திங்கள் வருகிற மெமோரியல் டே லீவை ஒட்டி எங்கள் தமிழ்ச் சங்கம் வழக்கம்போலப் பூங்காவில் பிக்னிக் வைக்கிறது. இந்த வருடம் இந்தப் பக்கம் இருக்கிற முன்னாள் ராணுவ வீரர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தலாம் என்று கமிட்டியில் ஒரு அக்கா சொன்னார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் வியட்நாம் போருக்குப் போனவர். அவரைக் கேட்டால், “சாப்பிட வருகிறேன், மேடை வேண்டாம், நவம்பரில் கூப்பிடு” என்கிறார். கோபமா, கூச்சமா தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொன்னாடை வேறு வாங்கியாச்சு.

டாலஸ் மாமா:
நன்றி சொல்ல நாள் நட்சத்திரம் பார்க்கணுமா? உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு வருடம் பூரா சொல்லலாம். தாராளமாகப் போர்த்துங்கள்.

பழைய சிப்பாய்:
மாமா சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவன். 2009-இல் மாணவர் விசாவில் இருந்தபோது மாவ்னி திட்டத்தில் சேர்ந்தேன். கிரீன் கார்டு இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட சில மொழிகள் தெரிந்தால் எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. (தமிழை வைத்து நான் ஒன்றும் கிழிக்கவில்லை, உதிரிபாகக் கிடங்கில் கணக்குதான் எழுதினேன்.)

பெரியவருக்குக் கோபமெல்லாம் இல்லை. நவம்பர் 11, வெட்டரன்ஸ் டே, எங்களுக்கு, திரும்பி வந்தவர்களுக்கு. மே மாதத்து நாள் வராதவர்களுக்கு. எனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் ஆப்கானிஸ்தானிலிருந்து வரவில்லை. அந்த நாளில் யாராவது என் கையைப் பிடித்து நன்றி சொன்னால், அவன் இலைச் சோற்றை நான் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

பிள்ளைகளை ஒரு தடவை சான் அன்டோனியோவில் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் தேசியக் கல்லறைக்குக் கூட்டிப்போங்கள். ஒவ்வொரு கல்லின் முன்னும் சின்னக் கொடி நிற்கும். வாஷிங்டன் பக்கத்து ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அந்த வேலையை மூன்றாம் காலாட்படை ரெஜிமெண்ட் செய்கிறது. பூட்ஸைக் கல்லில் முட்டக் கொடுத்து, அந்தப் பூட்ஸ் நீளத்துக்குத் தள்ளிக் கொடியை ஊன்றுவார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேலான கற்கள், அத்தனைக்கும் அதே அளவுதான். கல் மேல் சில்லறைக் காசு இருந்தால் பிள்ளைகளை எடுக்க விடாதீர்கள். யாரோ வந்து பார்த்துப் போனதற்கு அடையாளம் அது.

பிக்னிக்கை நிறுத்த வேண்டியதில்லை. அன்றைக்கு நாங்களும் கறி சுடுகிறவர்கள்தான். பிற்பகல் 3 மணிக்கு நாடு முழுக்க ஒரு நிமிட மௌனம் உண்டு, 2000-இல் சட்டமே போட்டார்கள். அந்த ஒரு நிமிடம் பாட்டு, மைக், கிரிக்கெட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பெரியவரிடம் நன்றி சொல்லாதீர்கள், அவரோடு போய்த் திரும்பாத ஒருவரின் பெயரைக் கேளுங்கள். சொன்னால் மைக்கில் வாசியுங்கள், சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அப்புறம், ஃப்ளையரில் ‘ஹேப்பி’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

வரலாற்று டீச்சர்:
ஆரம்பமே கல்லறையில்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்தவர்களின் கல்லறைகளில் பூ வைக்கச் சொல்லி 1868-இல் ஜெனரல் ஜான் லோகன் உத்தரவு போட்டார். மே 30, பெயர் ‘டெக்கரேஷன் டே’. முதல் உலகப் போருக்குப் பிறகு எல்லாப் போர்களுக்குமாக விரிந்தது. 1971 முதல் திங்கட்கிழமைக்கு மாறியது. மூன்று நாள் லீவு, மெத்தைக் கடைத் தள்ளுபடி எல்லாம் அதற்கு அப்புறம் வளர்ந்தவை. வெட்டரன்ஸ் டேயையும் அப்போது அக்டோபர் திங்களுக்கு மாற்றினார்கள், ஜனங்கள் ஏற்கவில்லை, 1978-இல் நவம்பர் 11-க்கே திரும்பிவிட்டது. மெமோரியல் டேயையும் மே 30-க்குக் கொண்டுபோக, போரில் ஒரு கையை இழந்த செனட்டர் டேனியல் இனோயே பலமுறை மசோதா கொண்டுவந்தார். நடக்கவில்லை.

டாலஸ் மாமா:
அதெல்லாம் சரி. ஆனால் என் ஆபீஸில் ஒருத்தருக்கு வருடா வருடம் மே மாதம் நன்றி சொல்கிறேன், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறாரே?

பழைய சிப்பாய்:
நானும் சிரித்துத்தான் வாங்கிக்கொள்வேன் மாமா. ஆசையாக வந்து சொல்கிறவரிடம் பாடம் நடத்த முடியுமா? சிலருக்கு நிஜமாகவே பிடிக்கும். ஆனால் மேடை போட்டு, மாலையோடு எல்லோரும் பார்க்க நிற்கச் சொல்வது வேறு.

மதுரைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கமிட்டியில் பேசிவிட்டேன். பொன்னாடை நவம்பர் தீபாவளி விழாவுக்குப் போகிறது. பெரியவர் ஒரு பெயரைச் சொன்னார், எப்படி உச்சரிப்பது என்று எழுதியும் கொடுத்தார். கிரிக்கெட் டீம்தான் தகராறு: மூன்று மணிக்கு இன்னிங்ஸ் நடுவில் நிறுத்த மாட்டோம், டாஸை முன்னால் போடு என்கிறார்கள். பத்தரைக்கே போட்டுவிடலாம் என்று இருக்கிறோம்.