'திரவாய்' என்ற சொல்லில் வதை எங்கே இருக்கிறது?

வேர்தேடி: வேலையைக் குறிக்கும் பிரெஞ்சின் திரவாய், ஸ்பானியத்தின் திரபாஹோ, போர்ச்சுக்கீசியத்தின் திரபாலியு ஆகியவை இலத்தீனில் 'திரிபாலியம்' என்ற வதைக்கருவியின் பெயரிலிருந்து பிறந்தவை, ஆகவே வேலை என்றாலே வதை என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. திரிபாலியம் என்றால் மூன்று கட்டைகள், அவ்வளவுதான். லாடம் அடிக்கும்போது மாடும் குதிரையும் திமிறாமல் கட்டி நிறுத்தும் மரச்சட்டத்துக்குப் பிரெஞ்சில் இன்றும் திரவாய் என்றே பெயர். இதில் வதை எங்கே?

கதிரவன்: நேற்று எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். 6ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஒசேர் நகரில் கூடிய திருச்சபை மன்றம், குற்றவாளிகள் வதைக்கப்படும் திரிபாலியத்தின் அருகே குருமார் நிற்கக் கூடாது என்று விதித்தது. லாடம் அடிப்பதைப் பார்க்கக் கூடாது என்றா தடை போட்டார்கள்?

வேர்தேடி: ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு இத்தனை மொழிகளுக்கும் தலையெழுத்து எழுதிவிட்டீர்கள்! கட்டி வைக்கும் சட்டத்தில் மாட்டையும் கட்டலாம், மனிதனையும் கட்டலாம். லாடச் சட்டத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

யாழினி: இத்தாலியத்தை ஏன் இருவரும் தொடவில்லை? அங்கே வேலைக்கு லவோரோ; அது இலத்தீனின் 'லாபோர்' வழி வந்தது. திரவாலியோ என்றால் துன்பம், பிரசவ வலி. 1617இல் வெளிவந்த, ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேஸின் கடைசி நாவலின் தலைப்பில் உள்ள 'திரபாஹோஸ்' துன்பங்களைத்தான் குறிக்கிறது. துன்பம் முந்தியது, வேலை பிந்தியது.

கதிரவன்: கேட்டீர்களா, வேர்தேடி?

வேர்தேடி: துன்பம் வேறு, வதைக்கருவி வேறு. பிரசவ வலிக்கும் கட்டையா அடித்தார்கள்? குதிரையின் காலைப் பிணைக்கும் தளைக்கு ஸ்பானியத்தில் 'திராபா' என்று பெயர். அது மர உத்தரத்தைக் குறிக்கும் 'திராப்ஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. திரபாஹோவையும் அந்தப் பக்கம் தேடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் கட்டுவதுதான் இருக்கிறது, வதை இல்லை.

மருதன்: முதலில் 'த்ரவாய்' என்று ஒழுங்காக எழுதுங்கள்.

வேர்தேடி: தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. இலக்கணம் படித்துவிட்டு வாருங்கள்.

மருதன்: அந்த இலக்கணம் 'ஸ்பானியம்' என்று எழுதும்போது எங்கே போயிற்று?

கதிரவன்: அவர் அப்படித்தான். போன மாதம் 'அரிசி' விவாதத்திலும் இதே பிடிவாதம். ருமேனியத்தில் வேலையைக் குறிக்கும் 'முன்கா', வதை என்ற பொருளுடைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு என்ன சொல்வார்?

வேர்தேடி: ஸ்லாவியச் சொல்லைக் காட்டி இலத்தீன் சொல்லுக்குப் பொருள் நாட்டுகிறீர்களா? அரிசியை இங்கே இழுக்க வேண்டாம். அங்கேயும் நீங்கள் சான்று தரவில்லை. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: லாடச் சட்டத்துக்கு என்ன பதில்?

கதிரவன்: ஒசேர் விதிக்கு நீங்கள் முதலில் சொல்லுங்கள்.