கேசட்டிலிருந்து ஏற்றும்போது டிக் டிக் சத்தம், சவுண்ட் கார்டு மாற்றியும் போகவில்லை

கேள்வி:

வணக்கம். அப்பா நாகஸ்வரக் கலைஞர். அவர் கோயில் திருவிழாக்களில் வாசித்ததை அந்தக் காலத்தில் டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தோம். சி-90 கேசட் 22 இருக்கிறது, சிலவற்றில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. கெட்டுப்போவதற்குள் கணினியில் ஏற்றிவிடலாம் என்று பழைய கேசட் டெக்கிலிருந்து வயர் இழுத்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிகிறேன். பதிந்ததைக் கேட்டால் நடுநடுவே 'டிக்', 'டப்' என்று வெடிக்கிறது, சில நேரம் நிமிடத்துக்கு ஒன்று, சில நேரம் தகரக் கூரையில் தூறல் விழுவது போல வரிசையாக நாலைந்து. ஆலாபனையில் அப்பா ஒரே சுரத்தில் நீளமாக நிற்கும் இடத்தில் இது வந்தால் மனசு தாங்கவில்லை.

முதலில் மதர்போர்டு சவுண்டில்தான் பதிந்தேன். அதுதான் சரியில்லை என்று நினைத்து 2,800 ரூபாய்க்குத் தனி சவுண்ட் கார்டு வாங்கிப் போட்டேன், அதே சத்தம். டிரைவரை (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) நீக்கிவிட்டு மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. விண்டோஸ் 10, டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம், நெட்டுக்கு யூஎஸ்பி வைஃபை ஸ்டிக். இன்னும் விலை கூடின கார்டு போடச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?

பதில் 1:

வாங்காதீர்கள். இரண்டு வேறு வேறு கார்டில் ஒரே சத்தம் வருகிறதென்றால் கோளாறு அநேகமாக கார்டில் இல்லை. அது எங்கே பிறக்கிறது என்று முதலில் பிடிக்க வேண்டும். பதிந்த கோப்பில் ஒரே இடத்தை மூன்று முறை ஓடவிட்டுக் கேளுங்கள். டிக் அதே நொடியில் வந்தால் பதியும்போதே உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால் கோப்பு சுத்தம், ஒலிக்கும்போதுதான் சிக்கல். டெக்கில் நேராக ஹெட்போன் மாட்டி, டேப்பிலேயே அது இல்லை என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோப்புக்குள் இருந்தால் அந்த இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள், தனித்தனிப் புள்ளிகள் தெரியும்வரை. வழவழவென்று ஏறி இறங்கும் அலை ஓரிடத்தில் வெட்டுப்பட்டு, சம்பந்தமில்லாத உயரத்தில் மறுபடி தொடங்கினால் அங்கே கொஞ்சம் ஒலி காணாமல் போயிருக்கிறது. அலை முறியாமல் அதன்மேல் ஒற்றை ஊசி மட்டும் நட்டுக்கொண்டு நின்றால் பெரும்பாலும் மின்சாரம் வழியாக வந்தது. உச்சியெல்லாம் சீவினது போலத் தட்டையாக இருந்தால் பதியும் ஒலி அளவு (லெவல்) அதிகம். நாகஸ்வரத்தில் இது அடிக்கடி நடக்கும், அதிலும் நீல நிற லைன்-இன் துளையில் சொருக வேண்டியதை இளஞ்சிவப்பு மைக் துளையில் சொருகியிருந்தால் கேட்கவே வேண்டாம். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள்.

கேட்டவர்:

நன்றி அண்ணா. நீலத்தில்தான் சொருகியிருக்கிறேன். டேப்பில் இல்லை, கோப்பில் அதே நொடியில் வருகிறது. பெரிதாக்கினால் நீங்கள் சொன்ன வெட்டுதான் அதிகம், படிக்கட்டு மாதிரி. இரண்டு மூன்று இடத்தில் ஊசியும் இருக்கிறது.

பதில் 2:

வெட்டு என்றால் டிரைவர் தாமதம். கார்டு ஒலியை நொடிக்கு 44,100 சாம்பிள்களாக அளந்து எடுத்து, பஃபர் என்ற சின்னத் தற்காலிக நினைவிடத்தில் போட்டுக்கொண்டே இருக்கும், விண்டோஸ் சுமார் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வந்து அதை அள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த நேரம் பார்த்து வேறொரு டிரைவர் புராசசரைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால், அள்ளுவதற்குள் பஃபர் நிரம்பி வழிந்துவிடும். வழிந்து போனதுதான் உங்களுக்கு டிக். டாஸ்க் மேனேஜர் 5 சதவீதம் காட்டும்போதே இது நடக்கும், அதனால்தான் பலர் கார்டைச் சந்தேகப்பட்டுப் பணத்தை விடுகிறார்கள். நானும் விட்டேன்.

லேட்டன்சிமான் என்ற மென்பொருளை இறக்கி, 10 நிமிடம் ஓடவிட்டு, டிரைவர்ஸ் பக்கத்தில் எது அதிக நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். 1,000 மைக்ரோசெகண்டுக்கு மேல் திரும்பத் திரும்பப் போவதுதான் ஆள். என்டிஐஎஸ் என்று வந்தால் அது விண்டோஸின் நெட்வொர்க் அடுக்கு, அதற்குக் கீழே ஓடும் வைஃபை டிரைவர்தான் பெரும்பாலும் காரணம். அதற்கும் முன்னால், அந்த வைஃபை ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு கேசட்டின் ஒரு பக்கம் பதிந்து பாருங்கள். பவர் ஆப்ஷனில் ஹை பெர்ஃபாமன்ஸ் வையுங்கள். ஆடாசிட்டியின் ரெக்கார்டிங் அமைப்பில் 'டிடெக்ட் டிராப்அவுட்ஸ்' என்று ஒன்று உண்டு, அதைத் தேர்வு செய்தால் ஒலி விட்டுப்போன இடத்தில் அதுவே லேபிள் போட்டுக் காட்டும்.

பதில் 3:

அந்த ஊசிக்கு நான் சொல்கிறேன் சார், வயரிங் வேலை பார்க்கிறேன். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் நின்று ஓடும் நேரத்தையும் ஊசி விழும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள், ஒத்துப்போனால் அதுதான். டெக், கணினி, மானிட்டர் மூன்றையும் ஃப்ரிட்ஜ் இல்லாத ஒரே பிளக்கிலிருந்து எடுங்கள். எர்த் வேலை செய்கிறதா என்று யாரையாவது வைத்துச் சோதியுங்கள். கணினியின் கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்றால் எர்த் இல்லை, அது சத்தத்தைவிடப் பெரிய ஆபத்து. இழுவையாக 'உம்ம்' என்று வந்தால் அது வேறு சமாச்சாரம், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பூஞ்சைக் கேசட்டை ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் பிறகு டெக்கில் டேப் உரசிப் போகும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள், மொபைல் சர்வீஸ் கடையில் கிடைக்கும்.

பதில் 4:

லினக்ஸ் லேப்டாப்பில் பாட்டு தொடங்கும்போதும் நின்று சில நொடி கழித்தும் மட்டும் 'டப்' வருகிறவர்கள் இதைப் படித்தால்: அது ஒலிச் சிப் மின்சாரம் மிச்சப்படுத்தத் தூங்கி எழும் சத்தம். எச்டிஏ இன்டெல் டிரைவரின் பவர் சேவ் மதிப்பைப் பூஜ்யமாக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

கேட்டவர்:

லேட்டன்சிமானில் என்டிஐஎஸ்தான் முதலில் நின்றது, 4,000 மைக்ரோசெகண்டுக்கு மேல். ஸ்டிக்கைக் கழற்றினேன், 300ஐத் தாண்டவில்லை. ஊசி ஃப்ரிட்ஜேதான், ஹாலில் இருந்த பிளக்கை அறைக்கு மாற்றிவிட்டேன். இன்று 45 நிமிடப் பக்கம் முழுக்க ஓடியது, ஒரு லேபிள்கூட விழவில்லை. சுரத்தை விட்டுவிட்டு அப்பா மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. முன்னால் பதிந்த 3 கேசட்டின் கோப்புகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பதில் 1:

ரொம்ப சந்தோஷம் தம்பி. பழைய பதிவை மட்டும் இப்போதே அழிக்காதீர்கள். பூஞ்சை பிடித்த டேப் இரண்டாவது முறை ஓடும்போது அறுந்தால் கையில் இருப்பது அதுதான். புதியதை முழுசாகக் கேட்டு, வேறொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்டுவிட்டு அப்புறம் அழியுங்கள்.