"ஃபோர்ட்நைட்"னு சொன்னா புரியுற ஒரே ஆளு நான்தான்

டல்லாஸ் மாப்ள:

இதை வேற எங்க சொல்றதுனு தெரியல, இங்க போடுறேன். எங்க டீம்ல ஒரு வெள்ளைக்காரர் இருந்தாரு, லீட்ஸ்காரர், ஐம்பது வயசு இருக்கும். அமெரிக்கா வந்து ஆறு வருஷம் ஆகியும் மனுஷன் எதுக்கும் பழகல. நான் சேர்ந்த முதல் வாரம், மீட்டிங்ல "ஒரு ஃபோர்ட்நைட்ல முடிச்சிடலாம்"ங்கறாரு, சுத்தி இருந்த அத்தனை பேரும் முழிக்கிறாங்க, ஒருத்தன் வீடியோ கேமைச் சொல்றாருனு நினைச்சு சிரிச்சே சிரிச்சிட்டான். நான்தான் ரெண்டு வாரம்னு சொன்னேன். நமக்கு அது ஒரு வார்த்தையா, பள்ளிக்கூடத்துல படிச்சதுதானே. மனுஷன் என்னைத் திரும்பிப் பார்த்தாரு பாருங்க, திருவிழாக் கூட்டத்துல சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி.

அதுக்கப்புறம் தினமும் என் சீட்டுக்கு வந்துடுவாரு. டார்ச், லாரி, டஸ்ட்பின், மேத்ஸ் எல்லாம் எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஓடுற பாஷை. கொத்தமல்லிய கொரியாண்டர்னு சொல்ல அந்த மாடிலயே நாங்க ரெண்டே பேருதான், மத்தவங்களுக்கு அது சிலான்ட்ரோ. கேன்டீன்ல பிஸ்கட்னு போர்டு போட்டு பன்னு மாதிரி ஒண்ணு வெச்சு அது மேல வெள்ளையா குழம்பு ஊத்தினாங்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம், அவ்ளோதான், பேசவே வேணாம்.

ஒரு தடவை அவருக்கு ஜுரம். ஒரு பொண்ணு பாசமா டீ போட்டுக் கொண்டு வந்துச்சு. மக்குல தண்ணிய மைக்ரோவேவ்ல சுட வெச்சு, அப்புறமா டீ பேக்கை மிதக்க விட்டு, பாலுக்குப் பதிலா காபிக்கு ஊத்துற ஹேஸல்நட் க்ரீமரு. மனுஷன் ஒரு சொட்டு விடாம குடிச்சு தேங்க்ஸும் சொன்னாரு. அது போனதும் டிராயரைத் திறந்து ஃபைலுக்கு அடியில இருந்த யார்க்ஷயர் டீ பாக்கெட்டை எடுத்து மோந்துட்டு திரும்ப உள்ள வெச்சாரு.

ஆனா என்னை இன்னும் அரிக்கிறது வேற. ஒரு கிளையன்ட் கால், ஒரு பேரை எழுத்து எழுத்தா சொல்லணும். நான் இஸட்னு சொல்றதை விட்டுட்டு அமெரிக்காக்காரங்க மாதிரி 'ஸீ'னு சொல்லிட்டேன். சொன்னா அவங்களுக்குப் புரியணுமே, பழக்கம் ஆயிடுச்சு. எதிர் சீட்ல இருந்தவரு தலையைத் தூக்கிப் பார்த்து, "ஓ, நீயுமா?"னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. நாலு மாசத்துல ஊருக்கே போயிட்டாரு.

கீழக்கரை காக்கா:

துபாய்ல சூப்பர் மார்க்கெட்ல மூணு வருஷம் ஷெல்ஃப் அடுக்கினவன் நான். பன்னிக்கறிக்கு தனி ரூம் இருக்கும்ல, வாசல்ல முஸ்லிம் அல்லாதவங்களுக்குனு போர்டு போட்டு. ஒரு இங்கிலாந்துப் பெருசு வந்து என் காதுகிட்ட குனிஞ்சு, பேக்கன் எங்கனு கேட்டாரு. குரலைக் கேட்டா ஏதோ டாஸ்மாக்குக்கு வழி கேக்குற மாதிரி. கையைக் காட்டினேன். போன வேகத்துல திரும்பி வந்து இது ஸ்ட்ரீக்கி, வயித்துக் கறி, எனக்கு முதுகுக் கறிதான் வேணும்னு சொல்லி, அப்படியே திரும்பி நின்னு தன் முதுகையே தட்டிக் காட்டுறாரு! கடைல அத்தனை பேரும் பார்க்குறாங்க. எனக்கு அந்த கறிய தொட்டே பழக்கமில்ல, முதுகாவது வயிறாவது. ஆனா சிரிப்பு வரல. எங்க வாப்பா துபாய் வந்தப்ப மீன் மார்க்கெட்ல ஹமூரைப் பார்த்து "இது என்ன மீனுடா"னு மூஞ்சிய சுளிச்சாரு. ஹமூர் வேற ஒண்ணும் இல்ல, நம்ம களவா வகைதான். எவ்வளவு சொல்லியும் கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

மெல்பேர்ண் தங்கச்சி:

அண்ணாமார் எல்லாரும் வெள்ளைக்காரரைப் பற்றியே கதைக்கிறியள். நானும் பிரிட்டிஷ் பாஸ்போட்காரிதான். மூண்டு வயசிலை லண்டன் வந்து ஹரோவிலை வளந்தனான், கலியாணம் கட்டி மெல்பேர்ண் வந்து அஞ்சு வரியம். இடியப்பம், சொதி, மாசி எல்லாம் இஞ்சை தாராளம். நான் தேடுறது மார்மைட், பாணிலை பூசித் தின்னுற உப்புக் கறுப்புக் களி. மார்மைட் எண்டு எழுதின போத்தில் கடையிலை இருக்கு, வாங்கியும் வந்தன், அது நியூசிலாந்துப் பக்கத்து மார்மைட், சீனி போட்டது, ருசி வேறை. எங்கட மார்மைட்டை இஞ்சை 'அவர் மேட்' எண்டு பேர் மாத்தி விக்கினம் எண்டு பிறகுதான் தெரிஞ்சது, அதுவும் எல்லாக் கடையிலையும் இல்லை.

எங்கட வீட்டிலை காய்ச்சல் எண்டால் அம்மா மார்மைட்டைச் சுடுதண்ணியிலை கரைச்சு தேசிக்காய் பிழிஞ்சு தருவா. அது இலங்கைப் பழக்கமோ லண்டன் பழக்கமோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. போன குளிருக்கு எனக்கு கொவிட். இவர் சிட்னியிலை பிறந்தவர், பாவம், நான் சொன்னதைக் கேட்டு வெஜிமைட்டைக் கரைச்சுக் கொண்டு வந்து தந்தார். ரெண்டும் ஒண்டுதானே எண்டு நினைச்சிட்டார். ஒரு வாய் குடிச்சிட்டு அழத் தொடங்கீட்டன். அவருக்கு ஒண்டும் விளங்கேல்லை, தொண்டை நோகுதோ எண்டு கேக்கிறார்.

இன்னொண்டு. வந்த புதுசிலை மனேஜர் பீச் பார்ட்டிக்கு எல்லாரும் 'தோங்' போட்டு வாங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. லண்டனிலை அது உள்ளுடுப்பு. இஞ்சை செருப்பாம்.

முன்னாள் என்.ஆர்.ஐ:

என் அனுபவம் சின்னது. நியூஜெர்சில பக்கத்து வீட்டு மான்செஸ்டர் அம்மா ஊர்லேர்ந்து கெட்டில் தூக்கிட்டு வந்து பிளக்கை மட்டும் மாத்தி சொருகினாங்க. பத்து நிமிஷம் ஆச்சு, தண்ணி கொதிக்கல. அந்தம்மா கெட்டிலையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அவ்வளவுதான்.

இப்ப யாராவது இதே தப்பைப் பண்ணாதீங்க. பிரிட்டன்ல 230 வோல்ட், கெட்டில் 3,000 வாட் வரைக்கும் இழுக்கும். அமெரிக்கால 120 வோல்ட், சாதாரண பிளக்ல 1,500 வாட்தான் ஓடும், அதனால அங்க வாங்கினாலும் பாதி வேகம்தான். ஊர் கெட்டிலைக் கொண்டு போனா அது கால்வாசி பவர்ல முக்கிட்டு இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம்னு போனா கெட்டிலை விட அது வெயிட்டு. பேசாம அடுப்புல வைங்க. அடுத்தது சாக்லேட். அமெரிக்கால கேட்பரிங்கற பேர்ல வர்றதை ஹெர்ஷிதான் லைசென்ஸ் வாங்கிப் பண்றாங்க, 2015ல பிரிட்டன் கேட்பரிய இறக்குமதி பண்ணிட்டு இருந்தவங்களையும் கோர்ட் கேஸ் போட்டு சமாதானம் பேசி நிறுத்திட்டாங்க, அதனால ஊர்லேர்ந்து யாராவது வந்தா பெட்டில போட்டுக் கொண்டு வரச் சொல்லுங்க. ஹேகிஸ்ங்கற ஸ்காட்லாந்துக் கறிப் பண்டம் மட்டும் கேக்காதீங்க, ஆட்டு நுரையீரல் இருக்கிறதால 1971லேர்ந்து உள்ள விடுறதில்ல. நியூயார்க் பக்கம் இருக்கிறவங்க கிரீனிச் வில்லேஜ் போனா 'டீ அண்ட் சிம்பதி'னு ஒரு கடை இருக்கு, அங்க எல்லாம் கிடைக்கும், விலையைப் பார்த்துட்டு என்னைத் திட்டக் கூடாது.

டல்லாஸ் தம்பிக்கு ஒண்ணு. ஃபோர்ட்நைட்டுக்கு இவ்வளவு புல்லரிக்க என்ன இருக்கு? அது அவன் வார்த்தை, அவன் விட்டுட்டுப் போனது. நம்ம மிளகுத்தண்ணிய 'மல்லிகடானி' ஆக்கி அதுல கறியும் ஆப்பிளும் போட்டு சூப்புனு சாப்பிட்டவங்க, இப்ப அவங்க டீ சரியில்லைனு புலம்பினா நான் ஏன் உருகணும்?

குன்னூர் குளிர்:

அண்ணே, அந்த மான்செஸ்டர் அம்மா என்ன மல்லிகடானியா கேட்டாங்க, கெட்டில்ல தண்ணி கொதிக்கலனு நின்னாங்க. விடுங்க.

மார்மைட் பேச்சு வந்ததால சொல்றேன். லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டரம்மா, பம்பாய்ல மில்லுல வேலை செஞ்ச கர்ப்பிணிங்களுக்கு வந்த ரத்தசோகைக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்து குணமாகுதுனு 1931ல எழுதினாங்க. நடுவுல 1929ல எங்க குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல வந்து வேலை பார்த்திருக்காங்க. அதுல இருந்த சத்து ஃபோலேட்னு பின்னாடி தெரிஞ்சது. இப்ப பிரசவத்துக்கு முன்னாடி எழுதிக் கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்கு ஆரம்பம் அங்கதான். தங்கச்சி, உங்கம்மா கரைச்சுக் கொடுத்தது சும்மா இல்ல.

என் அனுபவம்: எங்க மெடிக்கல் ஷாப்புக்கு ஒரு வயசான இங்கிலாந்து அம்மா வந்தாங்க, முப்பது வருஷமா கலிஃபோர்னியால குடியாம், சுத்திப் பார்க்க வந்தவங்க. விரல்ல வெட்டு. வாயைத் திறந்து அமெரிக்கப் பழக்கத்துல "பேண்ட்-எய்..."னு ஆரம்பிச்சவங்க, எங்க பையன் "பிளாஸ்டரா மேடம்?"னு கேட்டதும் அப்படியே நிறுத்திட்டாங்க. அவன் "ரவுண்டா, நீட்டா?"னு அடுத்ததைக் கேக்குறான், அந்தம்மா பதிலே சொல்லல. அப்புறம் பிளாஸ்டர், பிளாஸ்டர்னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துட்டு மொத்த டப்பாவையும் வாங்கிட்டுப் போனாங்க.

ஆர்ன்ஹெம் வாசி:

நெதர்லாந்துலேர்ந்து. எதிர் வீட்டுல பர்மிங்ஹாம்காரர். பிரெக்ஸிட்டுக்கு முன்னாடி அவங்கம்மா மாசா மாசம் பார்சல் அனுப்புவாங்க, சீஸு, சாஸேஜு, எச்.பி. சாஸ். 2021 ஜனவரிலேர்ந்து கறி, பால் ஐட்டம் எதுவும் வர முடியாதுனு ஆயிடுச்சு. ஹூக் வான் ஹாலண்ட் துறைமுகத்துல லாரி டிரைவருங்க மத்தியானத்துக்குக் கட்டிட்டு வந்த ஹேம் சாண்ட்விச்சையே கஸ்டம்ஸ்காரங்க பிடுங்கி வெச்சுக்கிட்டது அப்ப டிவில எல்லாம் வந்துச்சு. அம்மா பாவம், சாஸ் பாட்டில மட்டும் விடாம அனுப்பிக்கிட்டே இருந்தாங்க.

ஒரு நாள் பாட்டிலை எடுத்துட்டு வந்து எங்க பர்மிங்ஹாம் சாஸ், சாப்பிட்டுப் பாருனு நீட்டினாரு. ஒரு சொட்டு நாக்குல வெச்சேன், எனக்கு சிரிப்பு தாங்கல. பானிபூரி கடை இனிப்புச் சட்னி! லேபிளைத் திருப்பிப் பார்த்தா பேரீச்சம்பழம், புளி ரெண்டும் இருக்கு. புளினா என்னனு அவருக்குத் தெரியல, ஐம்பது வருஷமா சாப்பிடுறவரு. நம்ம வீட்டு டப்பாலேர்ந்து ஒரு உருண்டை எடுத்துக் கொடுத்தேன், வாய்ல போட்டுட்டு கண்ணை இறுக்கி மூடிட்டாரு.

அதோட விட்டிருக்கலாம். நான்தான் சும்மா இருக்காம ஃபோன்ல தேடி, பர்மிங்ஹாம் ஃபேக்டரிய 2007லயே மூடிட்டாங்க, இப்ப இது எல்ஸ்ட்லதான் தயாராகுதுனு சொல்லித் தொலைச்சேன். எல்ஸ்ட் எங்க வீட்டுலேர்ந்து சைக்கிள்ல போயிடலாம். இங்கேர்ந்து அங்க போய், அவங்கம்மா கையால பேக் ஆகி, கடல் தாண்டி திரும்ப இங்கேயே வருது. ஃபேக்டரி மூடினது அவருக்கும் தெரியுமாம், எங்க போச்சுனு மட்டும் கேட்டுக்கவே இல்லையாம். கொஞ்ச நேரம் பாட்டில் மூடியையே திருகிக்கிட்டு இருந்தாரு. "அம்மாகிட்ட சொல்லிடாதே"னாரு. அவங்கம்மாவ நான் பார்த்ததே இல்ல.

முன்னாள் என்.ஆர்.ஐ:

குன்னூர் சாருக்கு: நான் சொன்னது பொதுவா. வூஸ்டர் சாஸ்லயும் புளி இருக்கு, அதையும் அவங்களுதுன்னுதான் சொல்லுவாங்க. கெட்டில் விஷயத்துல ஏதாவது சந்தேகம்னா கேளுங்க.

டல்லாஸ் மாப்ள:

அண்ணே, கெட்டிலைப் பத்தி நான் கேக்கவே இல்ல. அவன் வார்த்தைதான், யாரு இல்லைன்னா. ஆனா டல்லாஸ்ல அதை வெச்சுக்கிட்டு இருந்தது அவரும் நானும்தானே.

துபாய் காக்கா சொன்ன வாப்பா கதையைப் படிச்சிட்டு நேத்து அவருக்கு மெசேஜ் போடலாம்னு உட்கார்ந்தேன். ரெண்டு வரி அடிச்சேன், அழிச்சிட்டேன். நாலு வருஷம் கழிச்சு இஸட்டைப் பத்தி என்னத்த எழுதுறது. பின்னாடி என் பொண்ணு ஏ பி சி டி பாட்டு பாடிட்டு இருக்கா, கேஜி போறா. கடைசில 'ஸீ'னு முடிக்கிறா. இஸட்னு சொல்லுடி தங்கம்னேன். பாடிப் பார்த்துட்டு, "போப்பா, அப்படிச் சொன்னா பாட்டு சேர மாட்டேங்குது"ங்கறா.